ரத்தத்தில் வைட்டமின் சி, இ, ஏ ‘குறைவு’ என்று வந்தால்: அந்த எண் எப்படி வருகிறது?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கமெல்லாம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். முன்பு சுகர், கொழுப்பு, தைராய்டு, கிட்னி என்று இருந்த பேக்கேஜ்களில் இப்போது வைட்டமின்களும் சேர்ந்துவிட்டன. கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டினால் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற தலைப்பில் வைட்டமின் சி, இ, ஏ, சில இடங்களில் பீட்டா கரோட்டின் வரை அளந்து தருகிறார்கள்.

எந்த நோயும் இல்லாமல், ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு ரிப்போர்ட்டில் ‘வைட்டமின் சி குறைவு’ என்று வந்தால் என்ன செய்வார்? மாத்திரை வாங்குவதா, பழம் சாப்பிடுவதா, மறுபடி டெஸ்ட் எடுப்பதா என்று குழம்புவார். அந்த எண்ணில் அவருடைய சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ரத்தத்தில் அந்த வைட்டமினைச் சுமந்து போகிற கொழுப்புக்கும் புரதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கையிலிருந்து மெஷின் வரைக்கும் அந்த ட்யூப் செய்த பயணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் ரிப்போர்ட்டைப் படிக்க முடியும்.

முதலில், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ன வேலை செய்கிறது

இலவம்பாடி முள் கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகிறது. பழைய கடலை எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது. இரண்டுமே ஆக்ஸிஜன் செய்கிற வேலை. உடம்புக்குள்ளும் இதே ஆக்ஸிஜனை வைத்துத்தான் சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கிறோம். அப்படி எடுக்கும்போது சில மூலக்கூறுகளில் ஓர் எலக்ட்ரான் தனக்கு ஜோடி இல்லாமல் தனியாக நின்றுவிடும். அதற்குப் பெயர் ஃப்ரீ ராடிக்கல். அது பக்கத்தில் இருக்கிற கொழுப்பிலிருந்தோ, புரதத்திலிருந்தோ, டி.என்.ஏ.விலிருந்தோ ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், பறிகொடுத்தது அடுத்ததிடம் போய்ப் பிடுங்கும், இப்படியே சங்கிலி நீளும்.

தன்னுடைய எலக்ட்ரானைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிற பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் இ கொழுப்பில் கரையும், அதனால் செல்லின் சவ்விலும் எல்.டி.எல். கொழுப்புத் துகளிலும் உட்கார்ந்து காவல் காக்கிறது. வைட்டமின் சி தண்ணீரில் கரையும், ரத்த நீரில் நின்று வேலை செய்கிறது. எலக்ட்ரானைக் கொடுத்து ஓய்ந்துபோன வைட்டமின் இ-யை மறுபடி எழுப்பிவிடுவதும் அதுதான். பீட்டா கரோட்டினும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. உடம்பு அதிலிருந்து தேவைக்கேற்ப வைட்டமின் ஏ செய்துகொள்கிறது.

இந்த வைட்டமின்கள் மட்டும்தான் காவல் என்று நினைக்க வேண்டாம். உடம்பு தானே செய்துகொள்ளும் என்ஸைம்கள் இருக்கின்றன, குளூட்டாதயோன் இருக்கிறது, யூரிக் அமிலமும் பிலிரூபினும்கூட இந்த வேலையைச் செய்கின்றன. அப்புறம், ஃப்ரீ ராடிக்கல் முழுக்க எதிரியும் இல்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளணுக்கள் அதைத்தான் ஆயுதமாக வைத்திருக்கின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்கிற விளம்பரக் கணக்கு இங்கேயே தடுக்கி விழுகிறது.

ஒவ்வொரு வைட்டமினுக்கும் ஒரு குணம்

ரிப்போர்ட்டில் நான்கும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். ஆனால் நான்கு எண்களும் சொல்கிற செய்தி வேறு வேறு.

1. வைட்டமின் சி. இதற்கு உடம்பில் பெரிய சேமிப்பு கிடையாது. ரத்தத்தில் இருக்கும் அளவு கடந்த சில நாள், சில வாரச் சாப்பாட்டைத்தான் காட்டும். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் (ரத்த அணுக்களைப் பிரித்தெடுத்த நீர்ப்பகுதி) 11 மைக்ரோமோலுக்குக் (மூலக்கூறுகளை எண்ணுகிற அலகு) கீழே போனால் பற்றாக்குறை. அப்படியே நீடித்தால் ஈறில் ரத்தம் கசிகிற ஸ்கர்வி வரும். 11 முதல் 28 வரை போதாத நிலை என்றும், 28-க்கு மேல் போதுமான நிலை என்றும் பல ஆய்வுகளில் பிரிக்கிறார்கள். தினமும் சுமார் 200 மில்லிகிராம் உள்ளே போனாலே பிளாஸ்மா ஏறக்குறைய நிரம்பிவிடும், 70, 80 மைக்ரோமோல் பக்கம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் கொடுப்பதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் 1000 மில்லிகிராம் மாத்திரை போட்டால் ஐந்து மடங்கு ஏறும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

2. வைட்டமின் இ. இதற்கு ரத்தத்தில் தனி வண்டி இல்லை, கொழுப்புத் துகள்கள் மீது ஏறித்தான் போகிறது. வண்டி அதிகம் இருந்தால் பயணியும் அதிகம் தெரிவார். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு வைட்டமின் இ ஒரு டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம், கொலஸ்ட்ரால் 150. இன்னொருவருக்கு வைட்டமின் இ 1.1, கொலஸ்ட்ரால் 280. ரிப்போர்ட்டைப் பார்த்தால் இரண்டாமவருக்குத்தான் வைட்டமின் இ அதிகம். இரண்டையும் மோல் கணக்குக்கு மாற்றி, கொலஸ்ட்ராலால் வகுத்தால் முதலாமவருக்கு சுமார் 5.4, இரண்டாமவருக்கு சுமார் 3.5. கொழுப்புத் துகள் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற காவல் என்று பார்த்தால் முதலாமவர்தான் மேல். (2.2-க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை, அதனால் இருவருக்குமே கவலை இல்லை.) கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் இ எண் இறங்கித் தெரிவதும் இதனால்தான்: வண்டி குறைந்துவிட்டது. கொலஸ்ட்ராலையும் டிரைகிளிசரைடையும் கூடவே அளக்காமல், வைட்டமின் இ எண்ணை மட்டும் தனியாகக் கொடுக்கிற ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட் என்றே சொல்வேன்.

3. வைட்டமின் ஏ, அதாவது ரெட்டினால். இது கல்லீரலில் சேமிக்கப்படுகிறது, அங்கிருந்து ஒரு புரதத்தின் மேல் ஏறி அளவாக வெளியே வருகிறது. அந்தக் காலத்து வீட்டுக் குதிரில் நெல் எவ்வளவு இருந்தாலும் உலையில் போடுவது அன்றாடம் ஒரே படிதான். குதிரின் அடி தெரியும்போதுதான் படி குறையும். ரெட்டினாலும் அப்படித்தான். ரத்தத்தில் நார்மலாக இருக்கிறது என்பதால் சேமிப்பு நிறைய என்று சொல்லிவிட முடியாது, சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்த பிறகுதான் ரத்தத்தில் இறங்கும். லிட்டருக்கு 0.70 மைக்ரோமோல், அதாவது டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், சளி, எந்தத் தொற்று வந்தாலும் ரெட்டினாலைச் சுமக்கிற அந்தப் புரதம் தற்காலிகமாகக் குறைந்து, ரெட்டினாலும் இறங்கிவிடும். வைரஸ் காய்ச்சல் விட்ட அதே வாரத்தில் எடுத்த ரெட்டினால் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. டெஸ்ட்டையும் கூடச் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

4. பீட்டா கரோட்டின். சாப்பாட்டை அப்படியே காட்டுகிற கண்ணாடி. மாம்பழ சீசனில் தினமும் பழம் சாப்பிடுகிறவர், முருங்கைக்கீரையை அடிக்கடி சேர்க்கிறவர், பப்பாளியும் கேரட்டும் விரும்பிச் சாப்பிடுகிறவர், இவர்களுக்கெல்லாம் ஏறும். ரொம்ப ஏறினால் உள்ளங்கை மஞ்சளாகக்கூட ஆகும். மஞ்சள் காமாலை என்று பயந்துவிட வேண்டாம். காமாலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், இதில் ஆகாது.

ட்யூபுக்குள் நடப்பது

இதைத்தான் யாரும் சொல்வதில்லை, முக்கியமான இடமும் இதுதான்.

வைட்டமின் சி-யின் வேலையே எலக்ட்ரானைக் கொடுப்பது. ரத்தத்தை உடம்பிலிருந்து எடுத்து ட்யூபில் விட்ட பிறகும் அது அந்த வேலையை நிறுத்துவதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன், வெளிச்சம், சூடு, ரத்தத்தில் இருக்கிற இரும்பு எல்லாம் சேர்ந்து அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்திலேயே கணிசமாகக் குறைந்துவிடும். சூடு கூடக்கூட வேகமும் கூடும்.

வேலூர் வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். இப்போது யோசித்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு ஒருவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறார். எடுத்தவர் இன்னும் நான்கைந்து வீட்டுக்குப் போகிறார். மதியம் கலெக்‌ஷன் சென்டருக்குப் பெட்டி வருகிறது, சாயங்காலம் பஸ்ஸிலோ வேனிலோ ஏறுகிறது, மெஷின் இருக்கிற லேப் சென்னையிலோ இன்னும் தள்ளியோ இருக்கிறது. சுகருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சரியான ட்யூபில் எடுத்திருந்தால் இந்தப் பயணத்தைச் சமாளித்துவிடலாம். வைட்டமின் சி-க்கு முடியாது.

முறையாகச் செய்தால் இப்படித்தான் இருக்க வேண்டும்:

1. ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் அல்லது ஈ.டி.டி.ஏ. போட்ட ட்யூபில் ரத்தத்தை எடுத்து, உடனே ஐஸில் வைத்து, வெளிச்சம் படாமல் மூட வேண்டும்.
2. கூடிய சீக்கிரம், குளிர்ச்சியிலேயே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.
3. பிரித்த கையோடு மெட்டா பாஸ்பாரிக் அமிலம் மாதிரியான ஓர் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அது புரதத்தை அடியில் இறக்கிவிடும், வைட்டமின் சி-யை அந்த நிலையிலேயே நிறுத்தியும் வைக்கும்.
4. அப்போதே அளக்க முடியாவிட்டால் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே உறைய வைக்க வேண்டும்.

இதில் ஒன்று தவறினாலும் எண் இறங்கும். ஊசி குத்தும்போது சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்துபோனாலும் இறங்கும், ஏனென்றால் வெளியே வந்த இரும்பு சிதைவை வேகப்படுத்துகிறது. இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவுக்கு வரலாம். வழியில் நடக்கிற கெடுதல் பெரும்பாலும் எண்ணைக் கீழேதான் இழுக்கும். ஆகவே வைட்டமின் சி நார்மல் என்று வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம், அன்று காலையிலேயே மாத்திரை போட்டிருந்தால் தவிர. குறைவு என்று வந்தால், சாம்பிள் எப்படி வந்தது என்று கேட்காமல் நம்பக் கூடாது.

ரெட்டினாலும் வைட்டமின் இ-யும் இவ்வளவு தொட்டாற்சிணுங்கி இல்லை. சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரிகிற நீரை) எடுத்துக் குளிரிலும் இருட்டிலும் வைத்தால் தாங்கும். கரோட்டின்களுக்கு வெளிச்சம்தான் ஆகாது, ஃபாயில் சுற்றி வைப்பார்கள். ஒன்று கவனியுங்கள்: ஒரே பெட்டியில் போன நான்கில் வைட்டமின் சி மட்டும் தரையில் கிடக்கிறது, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன என்றால், உங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மெஷின் எப்படி அளக்கிறது

பெரிய லேப்களில் எச்.பி.எல்.சி. என்ற கருவி. சீரத்தில் ஆல்கஹால் சேர்த்துப் புரதத்தைப் பிரித்து, ஹெக்ஸேனில் கொழுப்புப் பகுதியை எடுத்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வரும்போது ஒளியை உறிஞ்சுவதை வைத்து அளக்கிறார்கள்: ரெட்டினால் 325 நானோமீட்டர், வைட்டமின் இ 292, பீட்டா கரோட்டின் 450 பக்கம். வைட்டமின் சி-க்கு எச்.பி.எல்.சி.யும் உண்டு, டி.என்.பி.எச். என்ற ரசாயனத்தைச் சேர்த்து நிறம் வரவைத்து அளக்கிற பழைய முறையும் உண்டு. பழைய முறை செலவு குறைவு, ஆனால் வைட்டமின் சி சிதைந்து வந்த பொருள்களையும் சேர்த்து எண்ணிவிடும். அதனால் இரண்டு லேப் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன் முறை ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

ஒரு லேப் சரியாக அளக்கிறதா என்று வெளியிலிருந்து சோதிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரே சாம்பிளைப் பல லேப்களுக்கு அனுப்பி, யாருடைய எண் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்று பார்ப்பார்கள். வழக்கமான உயிர்வேதியியல் டெஸ்ட்களுக்கு நாடு முழுவதுமுள்ள லேப்களை இப்படிச் சோதிக்கிற திட்டங்களில் பெரிய ஒன்று நம் வேலூர் சி.எம்.சி.யிலிருந்துதான் நடக்கிறது. நம் ஊருக்குப் பெருமை தரும் வேலை அது, வெளியே அதிகம் தெரியாமல் நடக்கிறது.

‘நார்மல்’ என்ற எல்லை யார் போட்டது

ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி போட்டிருக்கும், வைட்டமின் சி-க்கு ‘0.4 முதல் 2.0’ என்பது மாதிரி. அதற்குப் பெயர் ரெஃபரன்ஸ் இடைவெளி. அதை உருவாக்கும் முறை எளிது: ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த குறைந்தது 120 பேரின் ரத்தத்தை அளந்து, வரிசைப்படுத்தி, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவிலிருக்கும் 95 சதவீதத்தை ‘நார்மல்’ என்று எழுதுகிறார்கள்.

இதை ஊன்றிப் படித்தால் மூன்று விஷயம் புரியும்.

1. ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 5 பேர் அந்த இடைவெளிக்கு வெளியேதான் இருப்பார்கள். அது நோயால் வருவதில்லை, கணக்கே அப்படி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு டெஸ்ட் எடுத்தால், எதாவது ஒன்றில் ‘குறைவு’ அல்லது ‘அதிகம்’ என்ற குறி விழுவதற்கான வாய்ப்பு சுமார் 19 சதவீதம். 20 டெஸ்ட் எடுத்தால் 64 சதவீதம். ஒரு நோயும் இல்லாதவருக்கே இப்படி என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த நீளமான பேக்கேஜைப் பாருங்கள்.

2. ரெஃபரன்ஸ் இடைவெளி வேறு, பற்றாக்குறை எல்லை வேறு. முதலாவது ‘மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறாய்’ என்று சொல்கிறது. இரண்டாவது ‘இதற்குக் கீழே போனால் உடம்பு கெடும்’ என்று சொல்கிறது. வைட்டமின் சி-க்கு டெசிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என்ற கீழ் எல்லையை மாற்றினால் லிட்டருக்கு சுமார் 23 மைக்ரோமோல் வரும். பற்றாக்குறை எல்லையோ 11 மைக்ரோமோல், அதாவது சுமார் 0.2 மில்லிகிராம். நடுவில் இரண்டு மடங்கு இடைவெளி. 0.35 என்று வந்தவருக்கும் 0.1 என்று வந்தவருக்கும் ஒரே ‘குறைவு’ குறிதான் விழும், ஆனால் இருவர் நிலைமையும் ஒன்றா?

3. அந்த 120 பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்கள் தேவை என்றால் ஆய்வு செய்கிறவர்கள் கைக்கு எட்டுகிறவர்களைத்தான் பிடிக்க முடியும்: மருத்துவமனை ஊழியர்கள், மருத்துவ மாணவர்கள், ரத்ததானம் செய்ய வந்தவர்கள், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். ஹாஸ்டலில் சாப்பிடுகிற 20 வயது மாணவரும், குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற 45 வயது அம்மாவும், ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவரும், அணைக்கட்டுப் பக்கம் நிலக்கடலை போடுகிற விவசாயியும் ஒரே சாப்பாடு சாப்பிடுவதில்லை. வெளிநாட்டில் அளந்த இடைவெளியை அப்படியே எடுத்து இங்கே ரிப்போர்ட்டில் அச்சடிப்பது இன்னும் மோசம். நம் பகுதியில், எல்லாத் தொழில்காரர்களையும் சேர்த்து, கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்து எல்லை போடுவது பெரிய வேலைதான், ஆனால் செய்ய வேண்டிய வேலை.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி ஒரு மில்லிகிராம் என்பது சுமார் 57 மைக்ரோமோல், வைட்டமின் இ ஒரு மில்லிகிராம் சுமார் 23 மைக்ரோமோல். (மில்லிகிராம் டெசிலிட்டருக்கு, மைக்ரோமோல் லிட்டருக்கு.) ஒரு லேபில் 0.8, இன்னொரு லேபில் 45 என்று வந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

நம் பக்கத்து மக்களிடம் என்ன பார்த்திருக்கிறார்கள்

வைட்டமின் சி விஷயத்தில் தென்னிந்தியாவிலிருந்து உறுதியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 2011-ல் வெளிவந்தது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், வட இந்தியாவில் 2668 பேர், தெற்கே புதுச்சேரிப் பகுதியில் 2970 பேர். ரத்தத்தை எடுத்த இடத்திலேயே முறையாகப் பதப்படுத்தி அளந்தார்கள். 11 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்கள் வடக்கில் 73.9 சதவீதம், தெற்கில் 45.7 சதவீதம். போதுமான அளவு இருந்தவர்கள் தெற்கிலும் நான்கில் ஒருவர்தான்.

எனக்கு இந்த எண்கள் பெரிய வருத்தம் தருகின்றன. தெற்கில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அடிப்படை வைட்டமினே பற்றாக்குறை, அதுவும் கொய்யாவும் நெல்லிக்காயும் எலுமிச்சையும் விளைகிற மண்ணில். யாருக்கு அதிகம் குறைந்திருந்தது என்று பார்த்தால் ஆண்களுக்கு, வயது கூடியவர்களுக்கு, புகையிலை பயன்படுத்துகிறவர்களுக்கு, விறகு, வறட்டி மாதிரியான எரிபொருளில் சமைக்கிற வீடுகளில் இருப்பவர்களுக்கு, மெலிந்தவர்களுக்கு. பருவத்துக்குப் பருவமும் மாறியது. புகை உள்ளே போனால் அதைச் சமாளிக்க வைட்டமின் சி செலவாகிறது. பீடிக்கும் விறகடுப்புக்கும் நம் பக்கம் பஞ்சமில்லை என்பதால் இதை நம் ஊர்ச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது முதியவர்களிடம் செய்த ஆய்வு, 30 வயதுக்காரருக்கு அதே சதவீதத்தைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

சமையலிலும் ஒரு காரணம் இருக்கிறது. சாம்பார், குழம்பு, கூட்டு, பொரியல், கடைசல் என்று எல்லாமே நெருப்பில் ஏறி இறங்குகிறது. வைட்டமின் சி சூட்டில் சிதையும், வெந்த தண்ணீரிலும் கரைந்துவிடும். கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் அதோடு போயிற்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன தினசரி அளவு ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு சின்னப் பழம் போதும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

வைட்டமின் இ நிலைமை இதற்கு நேர் எதிர். நிலக்கடலை, கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் புழங்குகிற வீடுகளில், ஆரோக்கியமான பெரியவருக்கு உண்மையான வைட்டமின் இ பற்றாக்குறை வருவது அபூர்வம்.

குறைந்தால் மாத்திரை போட்டு ஏற்றிவிடலாமா?

இந்த ஆசைக்கு நியாயமான காரணம் இருந்தது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் 19,496 பேரின் வைட்டமின் சி-யை அளந்து தொடர்ந்து பார்த்தார்கள். 2001-ல் வந்த முடிவில், அதிக அளவு இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, குறைந்த அளவு இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் கிட்டத்தட்ட பாதியாக இருந்தது. ஆனால் வைட்டமின் சி அதிகம் இருப்பவர் பழம் சாப்பிடுகிறவர், புகை பிடிக்காதவர், கொஞ்சம் வசதியானவர். பலன் வைட்டமினால் வந்ததா, அந்த வாழ்க்கையால் வந்ததா? மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கொடுத்துப் பார்த்தார்கள்.

1. பின்லாந்து, 1994. புகைபிடிக்கும் 29,133 ஆண்கள். தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.
2. அமெரிக்கா, 1996. புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் 18,314 பேர். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.
3. வைட்டமின் இ, 35,533 ஆண்கள், 2011-ல் வந்த முடிவு: புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.
4. சீனாவின் லின்சியன், 1993. ஊட்டச்சத்தே குறைந்த கிராமப்புறம். பீட்டா கரோட்டின், வைட்டமின் இ, செலினியம் சேர்த்துக் கொடுத்ததில் மொத்த இறப்பு 9 சதவீதம் குறைந்தது.

நான்காவதை மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடுகிறது. உண்மையிலேயே பற்றாக்குறை இருந்த இடத்தில் நிரப்பியது உதவியது. ஏற்கெனவே போதுமானது இருந்தவர்களுக்கு மேலே மேலே கொட்டியது உதவவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2022-ல், புற்றுநோயையும் இதய நோயையும் தடுக்க என்று பீட்டா கரோட்டினோ வைட்டமின் இ-யோ சாப்பிட வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பீடி, சிகரெட் பழக்கம் இருப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. மாம்பழமும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

வைட்டமின் சி மாத்திரை இவற்றைவிடப் பாதுகாப்பானது, ஆனால் தினமும் 1000 மில்லிகிராம் என்று போனால் அதில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்கும். நம் வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு இது சிறுநீரகக் கல்லுக்கு வழி. சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கிற சாதாரண டெஸ்ட்டில் சர்க்கரையையும் ரத்தத்தையும் அது மறைத்துவிடவும் கூடும்.

‘மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்’ என்று ஒரே எண் கொடுத்தால்

சில இடங்களில் இப்படியும் ஒரு டெஸ்ட் விற்கிறார்கள். தனித்தனியாக அளக்காமல், உங்கள் சீரம் மொத்தமாக எவ்வளவு எலக்ட்ரானைக் கொடுக்க முடியும் என்று பார்ப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எஃப்.ஆர்.ஏ.பி. மாதிரியான முறைகளில் அந்த எண்ணின் பாதிக்கு மேல் யூரிக் அமிலத்திலிருந்தே வருகிறது. யூரிக் அமிலம் ஏறியிருக்கும் கவுட் நோயாளிக்கும், கிட்னி பழுதானவருக்கும் ‘திறன்’ அமோகமாக வரும்! ஆராய்ச்சிக்கு வேண்டுமானால் பயன்படட்டும், தனி மனிதர் காசு கொடுத்து எடுக்க வேண்டிய டெஸ்ட் இது இல்லை.

யாருக்கு இந்த டெஸ்ட் தேவை

நோய் அறிகுறி எதுவும் இல்லாத, எல்லாம் கலந்து சாப்பிடுகிற ஒருவருக்கு இந்த நான்கு எண்ணும் சிகிச்சையை மாற்றுவது அரிது. அந்தக் காசுக்கு ஒரு மாதப் பழம் வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் ஈறில் ரத்தம் கசிகிறது, காயம் ஆற மாட்டேன் என்கிறது, மாலைக்கண் தெரிகிறது என்றால் டாக்டர் கேட்டு எடுப்பது சரி. குடல் நோயால் கொழுப்பு செரிக்காதவர்கள், எடை குறைக்கக் குடல் அறுவை செய்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், குடிப்பழக்கம் அதிகம் உள்ளவர்கள், தனியாக இருந்து கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளுகிற முதியவர்கள் எல்லோருக்கும் இந்த அளவுகள் உண்மையில் இறங்கக்கூடும். இவர்களுக்கு அளப்பதில் பொருள் இருக்கிறது.

எடுப்பதென்றால் லேபில் கேட்க வேண்டியவை

1. வைட்டமின் சி சாம்பிளை ஐஸில் வைக்கிறீர்களா, எத்தனை மணி நேரத்தில் பிரிக்கிறீர்கள்? பதில் தெளிவாக வராவிட்டால் அந்த ஒரு டெஸ்ட்டை விட்டுவிடுங்கள்.
2. அளப்பது எந்த ஊரில், எந்த முறையில்?
3. லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களைச் சோதித்து அங்கீகரிக்கிற தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் டெஸ்ட் வாரியாகத் தருவது. குறிப்பாக இந்த வைட்டமின் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?
4. வைட்டமின் இ-யோடு கொழுப்பு அளவும் அதே சாம்பிளில் பார்க்கிறார்களா?

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிற்றோடு காலையில் போவது, வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்வது, காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரமாவது பொறுத்துப் போவது.

சரி, ஏற்கெனவே குறைவு என்று வந்துவிட்டது, அறிகுறி எதுவும் இல்லை என்றால்? தினமும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ, வாரத்தில் மூன்று நான்கு நாள் கீரையோ, ஒரு மாதத்துக்கு விடாமல் சாப்பிடுங்கள். வைட்டமின் சி அதற்குள்ளேயே ஏறிவிடும். பிறகு வேண்டுமானால் அதே முறையில் அளக்கிற லேபில், அளக்கிற இடத்துக்கே நேரில் போய் ரத்தம் கொடுங்கள், காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன்.